ஆங்கில மெயிலில் ‘டு பி’ வந்து பின்னால் தேதியும் வந்தால்: வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு இரவு பகல் தெரியாது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். அப்படி ஒரு ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம், வாங்குபவரிடமிருந்து ஒரு வரி மெயில் வந்தது: “எய்ட்டி ட்ரம்ஸ் டு பி ஹெல்ட் அன்டில் 14 ஜூன்.”

80 ட்ரம், 14 ஜூன். எங்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான். 14-ஆம் தேதிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, 11-ஆம் தேதியே லாரி ஏற்றிவிட்டோம். அவர்கள் எழுதியதோ, 14-ஆம் தேதி வரை உங்களிடமே வைத்திருங்கள் என்று. கப்பலில் இடம் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். லாரி சென்னையில் யார்டு வாசலில் நாள் கணக்கில் நின்றது. வெயிட்டிங் சார்ஜ் எங்கள் தலையில் விழுந்தது.

எங்கள் நான்கு பேரில் யாருக்கும் ‘அன்டில்’ தெரியாமல் இல்லை. தேதியைப் பார்த்தவுடன் கெடு என்று நினைக்கும் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும், பர்கூர் பக்கம் கிரானைட் கம்பெனியில் பில் போட்டாலும், தருமபுரியில் டெண்டர் நோட்டீஸ் படித்தாலும், ‘டு பி’யும் தேதியும் சேர்ந்த இந்த வாக்கியம் ஒரு நாளைக்குப் பத்து முறை உங்கள் முன் வரும்.

முதல் படி: ‘வேண்டிய’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

“அமவுண்ட் டு பி பெய்ட் பை டியூஸ்டே” என்ற துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? “செவ்வாய்க்கிழமைக்குள் கட்ட வேண்டிய தொகை.” இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதலில் நிற்கும் தொகை தமிழில் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் செவ்வாய்க்கிழமை தமிழில் முதலில் நிற்கிறது. நடுவில் ‘டு பி பெய்ட்’ இருக்கும் இடத்தில் ‘கட்ட வேண்டிய’ இருக்கிறது. ‘பை’ தேதிக்கு முன்னால் வருகிறது. நம் ‘-க்குள்’ தேதிக்குப் பின்னால் ஒட்டுகிறது. கண்ணாடியில் பார்ப்பது போல வரிசை அப்படியே திரும்பிவிடுகிறது.

ஆகவே இந்த வகைத் துண்டைப் படிக்கும்போது வாலிலிருந்து தொடங்குங்கள். தேதி, அதற்கு முன் உள்ள சின்னச் சொல், அப்புறம் ‘டு பி’ பகுதி, கடைசியாகப் பொருள். இந்த வரிசையில் படித்தால் தமிழ் தானாகவே வந்து நிற்கும்.

ஒரு விஷயம். இதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் ‘கட்டப்பட வேண்டிய தொகை’ என்று எழுதாதீர்கள். இலக்கணப் புத்தகத்தில் இது செயப்பாட்டு வினை என்று படித்திருப்போம். அதற்காக எல்லா இடத்திலும் ‘பட’ சேர்க்க வேண்டியதில்லை. யார் கட்டுவது என்று சொல்லாமல் விட ஆங்கிலத்துக்கு ‘பி பெய்ட்’ தேவைப்படுகிறது. தமிழில் ‘கட்ட வேண்டிய’ என்றாலே ஆள் மறைந்துவிடுகிறார். நோட்டீசுகளில் ‘சமர்ப்பிக்கப்பட வேண்டிய ஆவணங்கள்’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ‘கொடுக்க வேண்டிய ஆவணங்கள்’ என்றால் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெரியவருக்கும் உடனே புரியும்.

அமைப்பு எளிதுதான். ‘டு’, அடுத்து ‘பி’, அடுத்து வினையின் மூன்றாவது வடிவம். பள்ளிக்கூடத்தில் ‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டுச் சொன்னோமே, அதில் மூன்றாவதாக வருவது. ‘டு பி சப்மிட்’ என்பதும் ‘டு சப்மிட்டட்’ என்பதும் நான் அதிகம் திருத்தும் இரண்டு தவறுகள். முதலாவதில் மூன்றாவது வடிவம் இல்லை, இரண்டாவதில் ‘பி’ இல்லை. ‘டு பி சப்மிட்டட்’ என்பதே சரி. அலுவலகத்தில் அடிக்கடி வருபவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பெய்ட், சென்ட், கெப்ட், ஹெல்ட், டேக்கன், கிவன், ரிட்டன், ப்ராட். ‘புட்’, ‘கட்’ இரண்டும் மூன்று வடிவத்திலும் மாறாது.

இரண்டாவது படி: தேதிக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. பணம் போவதும் வருவதும் இங்கேதான்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுவோம். மணிக்கு ‘அட்’, நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘இன்’. “டு பி ஓப்பன்ட் அட் 11 ஏ.எம். ஆன் 12 ஜூன்” என்றால் ஜூன் 12 அன்று காலை 11 மணிக்குப் பிரிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் மணி முன்னே, தேதி பின்னே. தமிழில் தேதி முன்னே, மணி பின்னே. மறுபடியும் அதே கண்ணாடிதான்.

அடுத்தது ‘பை’யும் ‘அன்டில்’லும். ‘பை’ என்றால் ‘-க்குள்’, ‘அன்டில்’ என்றால் ‘வரை’. ‘டில்’ என்று சுருக்கி எழுதினாலும் ‘வரை’தான். “டு பி லோடட் பை தர்ஸ்டே” என்றால் வியாழக்கிழமைக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே ஏற்றினாலும் சரி. “டு பி கெப்ட் அன்டில் தர்ஸ்டே” என்றால் வியாழக்கிழமை வரை வைத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டால் தவறு. முன்னதில் சீக்கிரம் செய்தால் நல்ல பெயர். பின்னதில் சீக்கிரம் செய்தால் நஷ்டம்.

எழுதும்போது எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால், வினையைத் தமிழில் சொல்லி ‘-க்கொண்டே இரு’ அல்லது ‘வைத்திரு’ என்று நீட்டிப் பாருங்கள். இயல்பாக நீண்டால் ‘அன்டில்’. நீட்டினால் பொருந்தாமல் போனால் ‘பை’. ஃபாரத்தைக் கொடுப்பது ஒரு நொடி வேலை, அதை வெள்ளிக்கிழமை வரை கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. அதனால் “ஃபார்ம் டு பி சப்மிட்டட் டில் ஃப்ரைடே” என்று எழுதுவது சரியாக வராது. “பை ஃப்ரைடே” என்று எழுதுங்கள். இந்தத் தவறு ஏன் வருகிறது என்றும் எனக்குப் புரிகிறது. ‘வெள்ளிக்கிழமை வரை ஃபாரம் கொடுக்கலாம்’ என்று நாம் தமிழில் சொல்கிறோமே! அங்கே நீள்வது ஃபாரம் கொடுக்கும் வேலை இல்லை, வாங்கும் கவுன்டர் திறந்திருப்பது. ஆங்கிலத்திலும் அப்படிச் சொல்ல வேண்டுமானால் “ஃபார்ம்ஸ் வில் பி அக்செப்டட் அன்டில் ஃப்ரைடே” என்று வாங்குபவர் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

‘நாட்’ சேர்ந்தால் நிலைமை மாறும். “நாட் டு பி ஓப்பன்ட் அன்டில் 11 ஏ.எம்.” என்று டெண்டர் கவர் மேல் எழுதியிருக்கும். பிரிப்பது நொடி வேலைதான், ஆனாலும் இங்கே ‘அன்டில்’ சரி. பிரிக்காமல் இருப்பது 11 மணி வரை நீள்கிறது அல்லவா? தமிழிலும் ‘11 மணி வரை பிரிக்கக் கூடாது’ என்றுதான் சொல்வோம். இந்த இடத்தில் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன.

எங்கள் ட்ரம் கதையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ‘ஹெல்ட்’ என்ற சொல்லை நாங்கள் அதுவரை கூட்டம் நடத்தும் நோட்டீசில் மட்டுமே பார்த்திருந்தோம்: “மீட்டிங் டு பி ஹெல்ட் ஆன் மண்டே.” அங்கே அது நடத்துவது. ட்ரம்முக்கு வந்தால் வைத்திருப்பது. எந்தப் பொருளில் வருகிறது என்று பின்னால் வரும் சின்னச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆன்’ வந்தால் நடத்துவதாக இருக்கும், ‘அன்டில்’ வந்தால் வைத்திருப்பதாக இருக்கும். நாங்கள் அதைத்தான் தாண்டிப் படித்தோம்.

இப்போது ‘-க்குள்’. தமிழில் இது ஒன்றுதான், ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘15 நாளுக்குள்’ என்றால் ‘வித்தின் 15 டேஸ்’. தேதி, கிழமை, மணி என்று ஒரு புள்ளியைக் குறித்தால் ‘பை’. இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்று ஒரு நீளத்தைக் குறித்தால் ‘வித்தின்’. “டு பி சப்மிட்டட் வித்தின் ஃப்ரைடே” என்று எழுதியதை நம் ஊர் மெயில்களில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும் விழும் பள்ளம் அது.

‘வித்தின்’ வந்தால் எங்கிருந்து எண்ணுவது என்பதையும் தேடுங்கள். “டு பி பெய்ட் வித்தின் 15 டேஸ் ஆஃப் ரிசீட்” என்றால் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. “வித்தின் 15 டேஸ் ஃப்ரம் த டேட் ஆஃப் திஸ் லெட்டர்” என்றால் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து. தபால் வரும் நாட்கள் இரண்டாவதில் உங்கள் கணக்கில் கழிந்துவிடும். கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி பின்னால் உதவும்.

‘இன்’ என்று நாள் கணக்கோடு வந்தால் எச்சரிக்கை. “டு பி டெலிவர்ட் இன் த்ரீ டேஸ்” என்பதை ஒருவர் மூன்று நாளுக்குள் என்று படிப்பார், இன்னொருவர் மூன்று நாள் கழித்து என்று படிப்பார். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இடம் உண்டு. நீங்கள் எழுதும்போது இதைத் தவிர்த்துவிட்டு ‘வித்தின்’ போடுங்கள், அல்லது நேராகத் தேதியையே எழுதிவிடுங்கள்.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது. அரசு நோட்டீசுகளில் ‘ஆன் ஆர் பிஃபோர் 31 ஜூலை’ என்று வருவது இந்தச் சந்தேகமே வரக்கூடாது என்பதற்காகத்தான். 31 அன்றும் கொடுக்கலாம், அதற்கு முன்பும் கொடுக்கலாம். ‘அன்டில் 14 ஜூன்’ என்பதில் மட்டும் 14 சேர்த்தியா இல்லையா என்பது திட்டமாகத் தெரியாது. அது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

மருந்துச் சீட்டில் வருவது ‘ஃபார்’. “டு பி டேக்கன் ஆஃப்டர் ஃபுட் ஃபார் 5 டேஸ்” என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாளைக்கு. வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும்போது இந்த ‘ஐந்து நாளைக்கு’ என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது படி: ஒரே சொல் இரண்டு முறை வந்தால்

“ஃபார்ம் டு பி சைன்ட் பை த ஹெட்மாஸ்டர் பை ஃப்ரைடே.” இதைப் பார்த்ததும் புதியவர்கள் ஒரு ‘பை’யை அடித்துவிடுகிறார்கள், தவறாக இரண்டு முறை டைப் ஆகிவிட்டது என்று. இரண்டும் தேவை. முதல் ‘பை’ ஆளைக் காட்டுகிறது, நம் ‘-ஆல்’ போல. இரண்டாவது கெடுவைக் காட்டுகிறது, நம் ‘-க்குள்’ போல. வெள்ளிக்கிழமைக்குள் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரம். ஆள் முன்னே, நாள் பின்னே என்ற வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் பதவி மூன்று நான்கு சொல்லுக்கு நீண்டால் வாக்கியம் மூச்சு முட்டும். அப்போது “த ஹெட்மாஸ்டர் மஸ்ட் சைன் த ஃபார்ம் பை ஃப்ரைடே” என்று நேராக எழுதிவிடுவது நல்லது. செயப்பாட்டு வினைதான் மரியாதை என்று யாரும் சட்டம் போடவில்லை.

‘ஃப்ரம்’முக்கும் இதே கதை. நம் கிருஷ்ணகிரி பக்கம் உள்ள கேஆர்பி அணையை வைத்து ஒரு செய்தித் தலைப்பு எழுதிப் பார்ப்போம்: “வாட்டர் டு பி ரிலீஸ்ட் ஃப்ரம் கேஆர்பி டேம் ஃப்ரம் ஜூலை 1 ஃபார் 120 டேஸ்.” முதல் ‘ஃப்ரம்’ இடம், அணையிலிருந்து. இரண்டாவது காலம், ஜூலை 1 முதல். தமிழில் ‘இலிருந்து’, ‘முதல்’ என்று வேறு வேறு சொல் இருப்பதால் நமக்குக் குழப்பமே இல்லை. இந்தத் தலைப்பில் ‘இஸ்’ இல்லாததையும் கவனியுங்கள். பத்திரிகைத் தலைப்பில் ‘டு பி’ என்று மட்டும் வந்தால் இனிமேல் நடக்கப் போகிறது என்று பொருள். முழு வாக்கியமாக எழுதும்போது ‘இஸ் டு பி ரிலீஸ்ட்’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது படி: நாள் எந்த வினையோடு சேர்கிறது?

“த மேனேஜர் ஆஸ்க்ட் ஃபார் த பில் டு பி சென்ட் ஆன் மண்டே.” திங்கட்கிழமை நடந்தது எது? மேனேஜர் கேட்டது திங்கட்கிழமையா, பில் போக வேண்டியது திங்கட்கிழமையா? பெரும்பாலோர் அருகில் இருக்கும் ‘சென்ட்’டோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். ஆனால் எழுதியவர் மனதில் வேறு இருந்திருக்கலாம். தமிழிலும் ‘திங்கட்கிழமை பில்லை அனுப்பச் சொன்னார்’ என்றால் இதே சந்தேகம் வரும், ஆகவே மொழியைக் குறை சொல்ல வேண்டாம்.

கேட்டதுதான் திங்கட்கிழமை என்றால் அந்த நாளைக் ‘கேட்டார்’ பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்: “ஆன் மண்டே த மேனேஜர் ஆஸ்க்ட் ஃபார் த பில் டு பி சென்ட்.” அனுப்ப வேண்டியதுதான் திங்கட்கிழமை என்றால் கடைசியில் இருக்கட்டும், ஆனால் கேட்ட நாளையும் முன்னால் சொல்லிவிடுங்கள். இரண்டு நாளும் வாக்கியத்தில் இருந்துவிட்டால் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது. ‘பை மண்டே’ என்று வந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. கெடு என்பது செய்ய வேண்டிய வேலைக்குத்தான் ஒட்டும்.

ஐந்தாவது படி: ‘டு பி’க்குச் சொந்தமாகக் காலம் கிடையாது

‘டு பி’ என்றாலே எதிர்காலம் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது முழுக்க உண்மை இல்லை. முன்னால் நிற்கும் சொல்லும் பின்னால் வரும் தேதியும் சேர்ந்துதான் காலத்தைத் தீர்மானிக்கின்றன.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்து தமிழ்நாட்டின் 30-ஆவது மாவட்டமானது. இதை ஆங்கிலத்தில் “கிருஷ்ணகிரி வாஸ் த தேர்ட்டியத் டிஸ்ட்ரிக்ட் டு பி ஃபார்ம்ட்” என்று எழுதலாம். இங்கே ‘டு பி ஃபார்ம்ட்’ என்பது உருவாக்க வேண்டிய மாவட்டம் இல்லை, உருவான மாவட்டம். நடந்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் முதல், இரண்டாவது, கடைசி, ஒரே என்ற சொற்களுக்குப் பின்னால் ‘டு பி’ வந்தால் ‘வேண்டிய’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. “த லாஸ்ட் லாரி டு பி லோடட் ஆன் சாட்டர்டே நைட்” என்று பழைய அறிக்கையில் இருந்தால், சனிக்கிழமை இரவு கடைசியாக ஏற்றிய லாரி என்று பொருள். அதைப் பார்த்து இன்னொரு லாரியைத் தேடி ஓட வேண்டாம்.

அடுத்து இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “த ஷெட் இஸ் டு பி ஓப்பன்ட் இன் மே” என்றால் மே மாதம் திறக்க இருக்கிறார்கள். “த ஷெட் வாஸ் டு பி ஓப்பன்ட் இன் மே” என்றால் மே மாதம் திறப்பதாக இருந்தது. திறந்தார்களா என்பது இந்த வரியில் இல்லை. “த ஷெட் வாஸ் டு ஹேவ் பீன் ஓப்பன்ட் இன் மே” என்றால் திறப்பதாக இருந்தது, ஆனால் நடக்கவில்லை. ‘ஹேவ் பீன்’ என்ற இரண்டு சொல் ஒரு ஏமாற்றத்தையே சுமந்து வருகிறது.

நடந்து முடிந்ததை யாரோ சொன்னதாக எழுதும்போதும் ‘ஹேவ் பீன்’ வேண்டும். திங்கட்கிழமை கடிதம் அனுப்பியதாகச் சொல்கிறார்கள் என்பதற்கு “த லெட்டர் இஸ் செட் டு ஹேவ் பீன் சென்ட் ஆன் மண்டே.” போன திங்கட்கிழமையைப் பற்றிப் பேசும்போது ‘இஸ் செட் டு பி சென்ட்’ என்று எழுதினால் பொருந்தாது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கெடு உள்ள மெயில் வந்தால், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பி எழுதிக் கேளுங்கள். மெயிலில் சொல்லாத பாதியையும் சேர்த்து எழுதுங்கள். வைத்திருக்கச் சொன்னால், எப்போது அனுப்புவது என்பதையும் சேருங்கள். அனுப்பச் சொன்னால், எத்தனை மணிக்கு ஏற்றுவது என்பதையும் சேருங்கள். அன்றைக்கு அந்த 80 ட்ரம்முக்கு நாங்கள் எழுதியிருக்க வேண்டிய பதில் இதுதான். இப்போது புதிதாக வரும் ஒவ்வொருவரையும் இதைக் கையால் ஒரு முறை எழுதச் சொல்கிறேன்:

“வி அண்டர்ஸ்டாண்ட் தட் த எய்ட்டி ட்ரம்ஸ் ஆர் டு பி ஹெல்ட் அட் அவர் ஃபேக்டரி அன்டில் த எண்ட் ஆஃப் 14 ஜூன், அண்ட் ஆர் டு பி டிஸ்பாட்ச்ட் ஆன் 15 ஜூன். ப்ளீஸ் கன்ஃபர்ம்.”